மெழுகு வைத்த மீன் டின்னும் அக்காளின் மாப்பிள்ளையும்

என் அக்காளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையை, கல்யாணத்துக்கு முந்தின வாரம், போலீஸ்காரரிடம் விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்தவன் நான். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. செய்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நானே சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்று ஒரு நப்பாசை.

காரணம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். கடலோரமாகப் படகு வலித்துப்போய், கரையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. இன்று மலாக்காவில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, படமும் எடுத்துக் கொடுக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் 'கயாக்' என்கிறார்கள். (போய்வந்து ஒரு வாரம் தோள் வலிக்குதுன்னு ஒரே புலம்பல்.) நான் ஆசைப்பட்டதோ மலாயாவில் வெள்ளைக்காரர் போட்ட அவசரகாலத்தில். காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவ லாரிகள், ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. ஒருவன் கொஞ்சம் அரிசியை எடுத்துக்கொண்டு தோட்டத்து கேட்டைத் தாண்டினால், அது காட்டுக்குப் போகிற அரிசி என்று பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓர் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். சேர்த்துவைத்து யாருக்கும் அனுப்பிவிடக் கூடாதாம். அப்படிப்பட்ட நாளில் ஒருவன் உல்லாசமாகக் கூடாரம் போட நினைத்தான் என்றால் அவனுக்கு எவ்வளவு அறிவு இருந்திருக்கும்? சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் வேறு!

பரீட்சை முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, மலாக்கா டவுனில் அப்பா சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் சைக்கிளில் கிளேபாங் கடற்கரைப் பக்கம் போவேன். அங்கே ஒரு வெள்ளைக்காரர், கித்தான் போர்த்திய ஒல்லியான படகில் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இலை வைத்த ஒரே துடுப்பால் தண்ணீரை மாறி மாறிக் கோதிக்கொண்டு போவதைப் பார்த்தேன். சத்தமே இல்லை. கடலுக்கே தெரியாமல் கடலில் போகிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (அம்மா சொல்வது வேறு. ரெண்டு தட்டு தின்னேனாம்.)

என்னிடம் அந்த மாதிரிப் படகு ஏது? தஞ்சோங் கிளிங்கில் அப்பாவுக்குப் பழக்கமான மீனவர் பாக் டின் இருந்தார். அவரிடம் 'கோலேக்' என்கிற சின்ன மரப்படகு ஒன்று சும்மா கிடந்தது. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் தும்மினால் கவிழ்ந்துவிடும். கேட்டதும் கொடுத்தார். "ஜாவோ ஜாவோ ஜாங்ஙான் லா, தம்பி" என்றார். ரொம்ப தூரம் போகாதே என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு ஈடு கிடையாது.

படகு கிடைத்துவிட்டது. கூட வர ஓர் ஆள் வேண்டும். என் நண்பர்கள் எல்லோருக்கும் அறிவு இருந்தது. அதனால் மாப்பிள்ளை கோவிந்தன் அத்தானைப் பிடித்தேன்.

கோவிந்தன் அத்தான் லூபோக் சீனா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். தோட்டத்து அரிசியை வீட்டுக்கு வீடு அளந்து கொடுக்கிற ஸ்டோர் அவர் பொறுப்பில் இருந்தது. அந்தக் காலத்தில் அது சின்ன வேலை இல்லை. சாவி அவர் இடுப்பில் இருக்கும். கல்யாணம் ஆனதும் மேட்டுமேல் இருக்கிற கிராணி வீட்டைத் தருவதாக மானேஜர் சொல்லியிருந்தார். அதில் தனி அடுப்படி, தனிக் குளியலறை, முன்னால் ஒரு ரோஜாச் செடி. லெட்சுமி அக்கா அந்த வீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எந்த ஜன்னலுக்கு என்ன நிறத் திரை என்று முடிவு செய்து, துணியும் தைத்து மடித்து வைத்திருந்தாள்.

கல்யாணச் சாமான் வாங்க அத்தான் டவுனுக்கு வந்திருந்தார். மறுநாள் பஸ் ஏறித் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். நான் ஆரம்பித்தேன்.

"அத்தான், பஸ்ல போறீங்களா? போன மாசந்தானே அந்த ரோட்ல லாரிய சுட்டாங்க?"

"அதுக்கு? நடந்தா போவ முடியும்?"

"கடல்ல போவலாம் அத்தான். ராத்திரி தஞ்சோங் பிடாராவுல தங்கிட்டு, காலையில தோட்டத்துக்குப் போயிரலாம். கடல்ல எங்க கம்யூனிஸ்ட் இருக்கான்?"

அத்தான் யோசித்தார். அவர் எதையும் யோசித்துச் செய்கிற மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, மழை வந்தாலும் வெயில் வந்தாலும் கையில் கறுப்புக் குடை. "கரையோரத்துல போறதுக்கு போலீஸ்ல கேக்கணுமே, தம்பி. எனக்கு ஸ்டோர் வேலை. ஒரு பேச்சு வந்துச்சுன்னா போச்சு."

"பர்மிஷன் வாங்கிட்டேன் அத்தான்."

வாங்கவில்லை. ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்கவில்லை. கேட்டால் முடியாது என்பார்கள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. அத்தான் என் முகத்தைப் பார்த்தார். வருங்கால மைத்துனன், இங்கிலீஷ் படித்தவன், பொய் சொல்வானா? "சரி, அப்ப போலாம் லா" என்றார்.

முதல் நாளே தயாரிப்புகளில் இறங்கியிருந்தேன். வீட்டு அரிசி டின்னில் பாதியை ஒரு தலையணை உறையில் கொட்டிக் கட்டினேன். மீன் டின் வாங்கினால் ஓட்டை போட்டுத் தந்தார்கள் இல்லையா? ஒரு நாள் வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகுமே! அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த மெழுகுவத்தியை உருக்கி, ஒவ்வோர் ஓட்டையையும் அடைத்து, நகத்தால் மழமழவென்று தேய்த்துவிட்டேன். நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது. அரசாங்கம் போட்ட ஓட்டையை அடைத்த டின்னை அரிசி மூட்டையோடு எடுத்துக்கொண்டு கடற்கரையில் அலைந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்ற கேள்வி அந்தப் படித்த மண்டையில் எழவே இல்லை.

காலையில் கிளம்பினோம். அத்தான் முன்னால், நான் பின்னால். அவர் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முதல் அரை மணி நேரம் படகு தஞ்சோங் கிளிங்கையே சுற்றிச் சுற்றி வந்தது. அவர் இடப்பக்கம் வலித்தால் நானும் இடப்பக்கம், நான் மாற்றினால் அவரும் மாற்றுவார். என் துடுப்பு அவர் துடுப்பை அடிக்கும். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"படிச்சவன்தானே நீ? எண்ணு, எண்ணு! ஒண்ணுன்னா வலது, ரெண்டுன்னா இடது!" என்று அத்தான் கத்தினார்.

"நீங்க கொடைய கீழ வைங்க அத்தான், அப்பறம் எண்ணுவோம்!"

குடையை அவர் கீழே வைக்கவில்லை. மாறாக விரித்தார். காற்று அதில் புகுந்து, படகு தானே வடக்குப் பக்கமாக ஓட ஆரம்பித்தது. அதுவரை நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதுவும் தற்செயல்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடலில் தாழ உட்கார்ந்து கரையைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் உங்கள் முழங்கைக்குச் சமமாக இருக்கும். தினமும் சைக்கிளில் கடந்துபோகிற அதே தென்னை மரங்கள், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தின் அதே வீடுகள், அங்கிருந்து பார்த்தால் வேறு ஊராகத் தெரியும். ரோடு தெரியாது. லாரி தெரியாது. முள்கம்பி தெரியாது. துடுப்பைத் தூக்கினால் நுனியிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்தான். அடையாளக் கார்டு காட்டு என்று நிறுத்த ஆளில்லாத ஓர் இடத்தில் நான் வளர்ந்தபிறகு இருந்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு, நிதானமாக, என்னைவிட அழகாக வலித்துக்கொண்டிருந்தார். எங்கள் துடுப்புகள் ஒன்றாக விழுந்தன. எதையோ முணுமுணுத்துப் பாடினார். அவர் பாடி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

தஞ்சோங் பிடாராவை நெருங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. கடலும் வற்றியிருந்தது. கரை வெகு தூரத்தில் நிற்க, எங்கள் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. (கடல் வத்தும்னு நான் படிச்ச புத்தகத்துல போட்டிருந்தான். எப்பன்னுதான் நான் பாக்கல.) மாப்பிள்ளை வெள்ளைக் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு படகை இழுத்தார். நான் தள்ளினேன். கரை சேர்ந்தபோது இருவரும் இடுப்புவரை சேற்றில் முக்கி எடுத்த மாதிரி இருந்தோம். அத்தான் திட்டுவார் என்று பயந்தேன். அவர் மணலில் மல்லாந்து விழுந்து சிரித்தார்.

"டேய் மாணிக்கம், கல்யாணம் முடியட்டும்டா. உங்க அக்காளயும் ஒரு நாளு கூட்டியாந்துருவோம்."

தார்பாயைத் துடுப்புகளின்மேல் கட்டிக் கூடாரம் போட்டோம். நான் மூட்டையை அவிழ்த்தேன். அரிசியைப் பார்த்ததும் அத்தானின் சிரிப்பு நின்றது.

"என்னடா இது? துணின்னுதானே சொன்னே?"

"சோறு வேணாமா அத்தான்?"

"சமைக்காத அரிசியத் தூக்கிட்டு வந்திருக்கியே! அந்தப் பர்மிஷன்ல அரிசியும் சேத்தியா?"

"எல்லாம் சேத்திதான் அத்தான். நீங்க சும்மா இருங்க."

ஈர விறகில் தீ மூட்டினேன். புகை தஞ்சோங் பிடாராவுக்கே தெரிகிற மாதிரி எழும்பியது. சோறு கொதி வருகிற நேரத்தில் தென்னைகளுக்கு நடுவிலிருந்து ஒரு மலாய்க் கார்ப்பரலும், அவர் பின்னால் துப்பாக்கியோடு கம்பத்து ஹோம்கார்டுகளும் வந்தார்கள்.

அத்தான் பதறவே இல்லை. அவர் எழுந்து, கால்சட்டையை இறக்கிவிட்டு, மணலைத் தட்டிக்கொண்டு, முகம் மலர, "செலமாட் பெத்தாங், டுவான். பர்மிஷன் அடா. தம்பி, எடுத்துச் சொல்லுடா" என்றார். மாலை வணக்கம் ஐயா, பர்மிஷன் இருக்கிறது என்று அர்த்தம்.

கார்ப்பரல் என்னைப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார்.

கார்ப்பரல் குனிந்து ஒரு மீன் டின்னை எடுத்தார். திருப்பினார். மெழுகைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். ஓட்டை தெரிந்தது. அப்புறம் தலையணை உறையைக் காலால் தொட்டு, "இனி பெராஸ் சியாப்பா?" என்று கேட்டார். இந்த அரிசி யாருடையது?

என் விரல் எழுந்து அத்தானைக் காட்டியது.

விரல் தானாக எழுந்தது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். தானாக எழவில்லை. நான்தான் எழுப்பினேன். அத்தான் அந்த விரலைப் பார்த்தார். அதன் நுனியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படிப்பவர்போலப் பார்த்தார்.

ஸ்டேஷனில் எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்தார்கள். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் முதலில் என்னைக் கூப்பிட்டார். நான் பரீட்சைக்குப் படித்த இங்கிலீஷில், தப்பில்லாத வாக்கியங்களில் பதில் சொன்னேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. கூட வந்தவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். தோட்டத்து அரிசி ஸ்டோரைப் பார்க்கிறார் என்றேன். உண்மைதான். அந்த ஒரே உண்மை அத்தானை அங்கேயே உட்காரவைத்துவிட்டது. அப்பா வந்து கையெழுத்துப் போட்டு என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார்.

வீட்டில் அக்கா சாப்பாடு போட்டாள். நான் சாப்பிட்டேன். (சாப்பிட்டேன்னு சொல்றதுக்கே இப்ப வெக்கமா இருக்கு.) "சும்மா விசாரிக்கிறாங்க, விட்ருவாங்க" என்றேன். அக்கா அடுப்படிக்குப் போனாள். மறுநாள் காலை நான் எழுந்தபோது கட்டில் பக்கத்தில் நின்றாள். ஒரு கையில் பாதி காலியான அரிசி டின். இன்னொரு கையில் மெழுகுவத்தியின் மிச்சம்.

"அவரு வந்து நம்ம வீட்டு அரிசிய அள்ளிக்கிட்டுப் போனாரா?"

"அக்கா..."

"சாமிகிட்ட இருந்த மெழுகுவத்தியையும் அவருதான் உருக்குனாரா?"

"பயமா இருந்துச்சுக்கா."

"அவருக்கு இல்லியா பயம்? நீ போயி சொல்றியா, நான் போயி சொல்லவா?"

அவள் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். கல்யாணப் பெண் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்று அம்மா அழுதாள். நான் சட்டையை மாட்டினேன்.

இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி என்னுடையது, மெழுகு என் வேலை, பர்மிஷன் பொய். இந்தமுறை என் இங்கிலீஷில் ஒரு வாக்கியமும் சரியாக முடியவில்லை. அவர் முகம் சிவந்தது. எதற்காக இதெல்லாம் என்று கேட்டார். கடலில் போக ஆசையாக இருந்தது என்றேன். அவர் என்னையும் உள்ளே வைக்கச் சொன்னார்.

அத்தான் இருந்த அறையிலேயே தள்ளினார்கள். சேறு காய்ந்த கால்சட்டையோடு சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் அவர் காலில் விழுந்தேன்.

"கால விடுடா" என்றார். "இருக்கறதே இத்துனூண்டு எடம்."

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்தக் கார்ப்பரல்தான். காட்டுக்குச் சாப்பாடு கடத்துகிறவன் இப்படிப் புகை போடுவானா, வெள்ளைக் கால்சட்டை போட்டுக் குடையும் எடுத்துவருவானா என்று கேட்டிருக்கிறார். மானேஜரும் ஆள் அனுப்பி, எங்கள் கிராணி நல்லவர் என்று சொல்லவைத்தார். எச்சரித்து விட்டுவிட்டார்கள். பாக் டின்னுக்குப் படகு திரும்பக் கிடைத்தது. நான்தான் சுமந்து கழுவி, தார் பூசிக் கொடுத்தேன். "டெக்காட் கா?" என்று கேட்டார். கிட்டத்தில்தான் போனாயா?

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது மைத்துனன் வேலை. குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். அத்தான் குனிந்து மெதுவாக, "போதும்டா, சேறெல்லாம் அன்னிக்கே போயிருச்சு" என்றார்.

ஆனால் ஸ்டோர் சாவி போய்விட்டது. பெயர் அடிபட்ட ஆளிடம் அரிசியை விட முடியாது என்று மானேஜர் சொல்லிவிட்டார். அத்தானை ரப்பர் பால் நிறுக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். மேட்டு வீடு வேறொரு கிராணிக்குப் போயிற்று. அக்கா தைத்து வைத்த திரைகளோடு, கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து அறை ஒன்றில் குடித்தனம் தொடங்கினாள். அந்த அறைக்கு ஒரே ஜன்னல்.

நான் சும்மா இருக்கவில்லை. மானேஜரைப் போய்ப் பார்த்தேன். குற்றம் என்னுடையது, வீட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓ, மீன் டின்காரன் நீதானா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். விஷயம் தோட்டம் முழுக்கப் பரவி, அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் தலைகுனிவு சேர்ந்ததுதான் மிச்சம். எனக்கு வேலை கிடைத்தபிறகு அவர்களை டவுனுக்கு வரச் சொன்னேன். அத்தான் வரவில்லை. என்னிடம் கோபமாகப் பேசியதும் இல்லை. "வா தம்பி, சாப்பிட்டியா" என்பார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. அவர் ஒருமுறை என்னை ஓங்கி அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவரிடமிருந்து நான் பிடுங்கியது வீட்டை மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். அன்று பிற்பகல் படகில் பாடிய மனிதர் அதற்குப்பின் பாடவில்லை. அதனால் அவசரகாலம் முடிந்ததும் மூன்று பேர் உட்காரும் ஒரு பழைய கோலேக்கை வாங்கிப் பழுதுபார்த்து, அத்தானைக் கூப்பிட்டேன். வரவில்லை. அடுத்த வருஷமும் கூப்பிட்டேன். அப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே வந்தார். தலை நரைத்திருந்தது. கையில் அடுக்குச் சாப்பாடு. கூடவே அக்கா.

"படகு இருக்காடா?"

"இருக்கு அத்தான்! வாங்க!"

"இரு. மொதல்ல ஸ்டேஷனுக்குப் போவோம்."

மறுபேச்சில்லாமல் போனேன். மேசையில் இருந்த இளம் கான்ஸ்டபிளிடம் அத்தான் மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். எங்கிருந்து போகிறோம், எங்கே தங்குகிறோம், சாப்பாட்டில் என்னென்ன இருக்கிறது. கான்ஸ்டபிள் திகைத்தான். "டாருராட் சுடா ஹாபிஸ் லா, பாக்சிக்." என்றான். அவசரகாலம் முடிந்துவிட்டதாம், பர்மிஷன் வேண்டாமாம். அத்தான் என்னைக் காட்டி, "எனக்குத் தெரியும், இவனுக்குத் தெரியணுமில்ல" என்று தமிழிலேயே சொன்னார். கான்ஸ்டபிளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அன்று படகில் அக்காவை நடுவில் வைத்து, அவர் பின்னால் உட்கார்ந்தார், என்னை முன்னால் உட்காரவைத்தார். என் கை இரண்டும் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். அதிலிருந்து படகானாலும் காரானாலும் கோயில் பந்தியானாலும் எனக்கு முன்னிடம், அவருக்குப் பின்னிடம் என்று ஆகிவிட்டது. நாங்கள் எத்தனையோ முறை கடலில் போனோம். வயதாகி அவரால் வலிக்க முடியாமல் போகும்வரை போனோம். மறுபடி பாடவும் செய்தார். அவர் பாடும்போது நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். பார்த்தால் நிறுத்திவிடுவார்.

அத்தான் காலமான பிறகு அக்கா வீட்டுச் சுவரில் குடும்பப் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முன்னால் நிற்பேன். எனக்குப் பின்னால் அத்தான், என் சட்டைக் காலரில் கை வைத்தபடி நிற்பார். போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் படங்களைப் பார்த்து, "மாமன் மச்சான்னா இப்படியில்ல இருக்கணும்! என்னா பாசம்!" என்றார்கள்.

தொண்ணூறை நெருங்கிய அக்கா நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள்.

"பாசந்தான். ஆனா பிடிய மட்டும் விட்டதே இல்ல."